மகளிர் ஆட்டமும் ஊதியக் கணக்கும்

புனே நகரிலிருந்து மும்பைக்குச் செல்லும் விரைவுச் சாலையை ஒட்டி, கஹுஞ்சே என்னும் சிற்றூரில் மகாராஷ்டிரக் கிரிக்கெட் சங்கத்தின் மைதானம் இருக்கிறது. பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் தேகு ரோடு அதற்கு அண்மையில்தான் உள்ளது. 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்த மைதானத்தில் மகளிருக்கான இருபது ஓவர்ப் போட்டி ஒன்று நடைபெற்றது. மூன்றே அணிகள், நான்கே ஆட்டங்கள். மே 28-ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் சூப்பர்நோவாஸ் அணி, வெலாசிட்டி அணியை நான்கு ஓட்டங்களில் வென்றது. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னர், 1973-ஆம் ஆண்டில், இந்திய மகளிரின் முதல் தேசியக் கிரிக்கெட் போட்டி நடைபெற்றதும் இதே புனே நகரில்தான். அதிலும் மூன்றே அணிகள் ஆடின: பம்பாய், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம்.

1973-ஆம் ஆண்டில் ஆட வந்த பெண்களுக்கு ஊதியம் என்ற பேச்சே இருந்ததில்லை. 2022-ஆம் ஆண்டுப் போட்டிக்கு அடுத்த ஆண்டிலோ, மகளிர் பிரிமியர் லீகின் முதல் ஏலத்தில், சாங்க்லியில் வளர்ந்த ஸ்மிருதி மந்தனாவைப் பெங்களூர் அணி 3 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? வந்த பணம் நிலைத்து நிற்குமா? தேகு ரோட்டிலோ கட்கியிலோ குடியிருக்கும் தமிழ்ப் பெற்றோர், தம் மகள் மட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் புறப்படுவதைக் கண்டு, "இதை நம்பி இவள் பிழைக்க முடியுமா?" என்று கேட்பது இயல்பு. அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

மகளிர் கிரிக்கெட்டில் ஊதியம் வந்த வழியை நான்கு படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதற்படி, ஊதியமே இல்லாத காலம். 1973-இல் தோன்றிய இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கத்துக்கு ஆர்வம் மிகுதியாக இருந்தது, பொருள் இல்லை. எனினும் ஆட்டம் பரவியது. புனேயில் மூன்றாக இருந்த அணிகள் அடுத்து வாரணாசியில் நடந்த போட்டியில் எட்டாயின; அதற்கடுத்துக் கல்கத்தாவில் பதினான்காயின. 1975-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இருபத்தைந்து வயதுக்குட்பட்ட மகளிர் அணி வந்து புனே, டெல்லி, கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் ஆடியது. அம்மூன்று ஆட்டங்களுக்கும் மூன்று தலைவிகள். அவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டுக்காக ஆடிய சுதா ஷா. மறு ஆண்டே, சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமியின் தலைமையில் இந்திய மகளிர் முதல் டெஸ்ட் வெற்றியைப் பாட்னாவில் பெற்றனர்.

இப்புகழுக்கெல்லாம் பின்னால் இருந்த நிலை வேறு. முன்பதிவு இல்லாத ரயில் பெட்டிகளில் பிரயாணம் செய்து, பொதுக் கூடங்களில் தரையில் படுத்து உறங்கி, அப்பெண்கள் ஆடினார்கள். 1982-இல் நியூசிலாந்தில் நடந்த உலகக் கோப்பைக்குச் செல்ல ஒவ்வொருவரும் பத்தாயிரம் ரூபாய் கொண்டுவர வேண்டும் என்று கூறப்பட்டது. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த வீராங்கனைகள் அப்போதைய முதலமைச்சர் அந்துலேயை அணுகி உதவி பெற்றதை டயானா எடுல்ஜி பின்னாளில் கூறியிருக்கிறார். அதற்குப் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் நிலை பெரிதும் மாறவில்லை. தமிழ்க் குடும்பத்தில் ஜோத்பூரில் பிறந்து செகந்தராபாத்தில் வளர்ந்த மிதாலி ராஜ், 2005-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் இந்தியாவை இறுதி ஆட்டம் வரை அழைத்துச் சென்றார். அப்போட்டியில் ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் வீதமே கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அவ்வாறெனில் அப்பெண்கள் எதைக் கொண்டு வாழ்ந்தார்கள்? இங்கேதான் இரண்டாம் படி வருகிறது. ரயில்வேயும் சில வங்கிகளும் ஆட்டத் திறமையைக் கருதி அவர்களுக்கு வேலை கொடுத்தன. எடுல்ஜியும் மிதாலியும் ரயில்வேயில் பணிபுரிந்தார்கள். சாந்தா ரங்கசாமி கனரா வங்கியில் பணிபுரிந்து உயர் பதவியை எட்டினார். மகளிருக்கான தேசியப் போட்டிகளில் ரயில்வே அணியே ஆண்டுக்கு ஆண்டு பட்டம் பெற்று வந்ததற்குக் காரணமும் இதுவே. திறமையுள்ளவர் மாதச் சம்பளம் கிடைக்குமிடத்தைத் தேடிச் சென்றார்கள். இந்த ஊதியம் ஆட்டத்தின் வருமானத்திலிருந்து வந்ததன்று. மைதானத்துக்கு ஒருவர் வந்தாலும் பதினாயிரம் பேர் வந்தாலும் மாத முதல் தேதியில் சம்பளம் கிடைத்தது. ஆடும் வயது கடந்த பின்னும் கிடைத்தது. தொகை சிறிது, உறுதியோ பெரிது. இதை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும். முடிவில் மீண்டும் இதற்கு வருவோம்.

மூன்றாம் படி, வாரியம் கொடுக்கும் ஊதியம். 2006-இல் மகளிர் சங்கம் இந்தியக் கிரிக்கெட் வாரியத்துடன் இணைந்தது. 2015-இல்தான் மகளிருக்கு முதன்முதலாக ஆண்டு ஒப்பந்தம் கிடைத்தது. முதல் வகுப்பினருக்கு ஆண்டுக்கு 15 லட்சம், அடுத்த வகுப்பினருக்கு 10 லட்சம் என விதித்தார்கள். 2022 அக்டோபரில் மற்றொரு முடிவு வந்தது. நாட்டுக்காக ஆடும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஆட்ட ஊதியம் சமமாக்கப்பட்டது: டெஸ்ட் ஆட்டத்துக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், இருபது ஓவர் ஆட்டத்துக்கு 3 லட்சம். ஒருநாள் ஆட்டத்துக்கு அதற்கு முன் மகளிர் பெற்றது ஒரு லட்சமே.

இம்முடிவைப் போற்றும்போதே அதன் அளவையும் அறிந்துகொள்ள வேண்டும். மரக்காலின் விலை சமமாக இருந்தாலும், ஒருவர் பத்து மரக்கால் விற்று மற்றவர் இரண்டு மரக்கால் விற்றால் வருமானம் சமமாகாது. மகளிர் ஆடும் டெஸ்ட் ஆட்டங்கள் மிகச் சில. பல ஆண்டுகளில் ஒன்றுகூட இருந்ததில்லை. ஆண்டு ஒப்பந்தத்திலும் இடைவெளி பெரிது. 2022-23-ஆம் ஆண்டில் ஆண்களின் உச்ச வகுப்புக்கு 7 கோடி ரூபாய். பெண்களின் முதல் வகுப்புக்கு 50 லட்சம். மேலும், வாரியத்தின் கருவூலத்தைப் பெரிதும் நிரப்பியது ஆண்களின் ஆட்டம். ஆகவே இந்த மூன்றாம் படியை, ஒரே குடும்பத்தில் மூத்த பிள்ளையின் சம்பாத்தியத்தில் இளைய பிள்ளை படிப்பதற்கு ஒப்பிடலாம். அதில் இழிவொன்றும் இல்லை. பெண்களுக்கு ஆடுகளத்தையே நெடுங்காலம் மறுத்திருந்த சமூகம் அக்கடனைத் திருப்பித் தருவது நியாயமே. ஆனால் கொடுப்பவர் மனம் மாறினால் வருமானமும் மாறும் என்ற அச்சம் இதில் எப்போதும் உண்டு.

நான்காம் படியே சந்தை தரும் ஊதியம். இங்குக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 2023-இல் தொடங்கிய மகளிர் பிரிமியர் லீகின் ஒளிபரப்பு உரிமையை, 2023 முதல் 2027 வரை ஐந்தாண்டுகளுக்கு, 951 கோடி ரூபாய் கொடுத்து ஒரு கம்பெனி பெற்றது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 190 கோடி. ஐந்து அணிகளை நடத்தும் உரிமையைப் பத்தாண்டுகளுக்கு ஏலமிட்டதில், 4,669 கோடியே 99 லட்சம் ரூபாய்க்குக் கேள்வி வந்தது. அகமதாபாத் அணிக்கு 1,289 கோடி. மும்பைக்கு 912 கோடியே 99 லட்சம். பெங்களூருக்கு 901 கோடி. டெல்லிக்கு 810 கோடி. லக்னோவுக்கு 757 கோடி. புனேவுக்கென்று தனி அணி இல்லை.

வீராங்கனைகளை ஏலத்தில் எடுக்க ஒவ்வோர் அணியும் செலவிடக்கூடிய தொகைக்கு ஒரு வரம்பு உண்டு. 2023-இல் அது 12 கோடி. 2024-இல் 13 கோடியே 50 லட்சம். 2025-இல் 15 கோடி. ஐந்து அணிகளும் முழுத் தொகையைச் செலவிட்டாலும் 75 கோடிதான். ஒளிபரப்பு வருமானத்தையும், அணி உரிமைத் தொகையின் பத்தில் ஒரு பங்கையும் சேர்த்தால் ஆண்டுக்குச் சுமார் 657 கோடி ஆகிறது. விளம்பர வருமானத்தைச் சேர்க்காமலே இவ்வளவு. இதில் ஆடுகிறவர்களின் பங்கு நூற்றுக்குப் பதினொன்று என்ற அளவுதான். ஆகவே, "பெண்களுக்கு அளவுக்கு மீறிக் கொடுக்கிறார்கள்; அதனால் இத்திட்டம் முறிந்துவிடும்" என்று யாரேனும் கூறினால், கணக்கு அவர் பக்கம் இல்லை.

அப்படியாயின் ஆபத்து எங்கே இருக்கிறது? அணி உரிமையாளரின் கணக்கில் இருக்கிறது. முதல் ஐந்தாண்டுகளில் ஒளிபரப்பு வருமானத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு அணிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் என்பது ஏற்பாடு. அதாவது அணிக்கு ஆண்டுக்குச் சுமார் 30 கோடி. அதில் பாதியை வீராங்கனைகளின் ஊதியம் எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய 15 கோடியோடு தம் சொந்த விளம்பர வருமானத்தையும் சேர்த்துக்கொண்டு, பயிற்சியாளர், பிரயாணம், விடுதி ஆகிய செலவுகளை உரிமையாளர் ஈடுகட்ட வேண்டும். அதற்கு மேல் அணி உரிமைத் தொகையும் உண்டு. மும்பை அணியின் தொகையைப் பத்தாகச் சமமாகப் பிரித்தால் ஆண்டுக்கு 91 கோடிக்கு மேல் வருகிறது. வரவும் செலவும் பொருந்தவில்லை என்பது வெளிப்படை. எதிர்காலத்தில் அணியின் மதிப்பு உயரும் என்று நம்பி, இன்று நஷ்டத்தைத் தாங்குகிறார்கள். தென்னங்கன்று வைத்தவன் காய்ப்புக்குக் காத்திருப்பது போன்றது இது.

இன்னொரு செய்தியும் உண்டு. ஆறாம் ஆண்டு முதல் அணிகளுக்குரிய பங்கு எண்பதிலிருந்து அறுபதாகக் குறையும். அப்போது அணிக்கு இதே 30 கோடி கிடைக்க வேண்டுமானால், ஒளிபரப்பு உரிமையின் விலை மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தாக வேண்டும். ஐந்தாண்டுக்கு 951 கோடி என்பது 1,268 கோடியாக வேண்டும். ஆகவே 2027-ஆம் ஆண்டுப் போட்டிக்குப் பின் எழுதப்படும் அடுத்த ஒளிபரப்பு ஒப்பந்தமே மகளிர் ஊதியத்துக்கு உண்மையான சோதனை. நுழைவுச் சீட்டு வருமானம் இதில் பெரிய துணையாக இராது. 2023-இல் பெண்களை மைதானத்துக்கு வரவழைக்க அவர்களுக்கு இலவச அனுமதியே அளித்தார்கள். கூட்டம் சேர்ப்பதே முதல் வேலையாக இருந்தது.

இத்தகைய சோதனையில் தோற்றவையும் உண்டு, தேறியவையும் உண்டு. அமெரிக்காவில் 2001-இல் மகளிருக்கென ஒரு கால்பந்துச் சங்கப் போட்டியைத் தொடங்கினார்கள். ஐந்தாண்டுகளுக்கென ஒதுக்கிய நான்கு கோடி டாலர் முதல் ஆண்டிலேயே தீர்ந்தது. மூன்று பருவங்களில் ஏறத்தாழ பத்துக் கோடி டாலர் நஷ்டம். 2003 செப்டம்பரில், உலகக் கோப்பை தொடங்கச் சில நாட்களே இருக்கையில், அது கதவை மூடியது. 2013-இல் மற்றோர் அமைப்பு எழுந்தபோது அவர்கள் எச்சரிக்கையாக நடந்தார்கள். சிறு மைதானம், குறைந்த ஊதியம். தேசிய அணி வீராங்கனைகளின் சம்பளத்தை அந்தந்த நாட்டுக் கால்பந்துச் சங்கங்களே ஏற்றன. பத்தாண்டு பொறுத்த பின், 2023-இல் நான்காண்டு ஒளிபரப்புக்கு 24 கோடி டாலர் ஒப்பந்தம் அதற்குக் கிடைத்தது.

நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2016-இல் ஆண்கள் கபடிப் போட்டியின் இடையே மகளிர் கபடிப் போட்டி ஒன்றை மூன்று அணிகளுடன் நடத்தினார்கள். அது மறு ஆண்டு தொடரவில்லை. கபடி பெண்களுக்குப் புதியதன்று. மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் கிராமம்தோறும் பெண்கள் ஆடுகிறார்கள். திறமைக்குப் பஞ்சமில்லை. ஒரு பருவத்தில் பயன் தெரியாவிட்டாலும் இன்னும் நான்கு பருவம் தாங்குவோம் என்று முன்வர ஆளில்லை. கிரிக்கெட்டுக்கு அந்தத் தாங்கும் தோள் கிடைத்திருக்கிறது. மற்ற ஆட்டங்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

டென்னிஸ் ஆட்டத்தின் வழி வேறு. 1970-இல் ஹூஸ்டன் நகரில் ஒன்பது பெண்கள், பரிசுத் தொகையில் காட்டப்பட்ட வேறுபாட்டைப் பொறாமல், ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுத் தனிப் போட்டிக்கு ஒப்பந்தமிட்டனர். 1973-இல் அமெரிக்கப் பொதுப் போட்டியில் ஆண் பெண் இருபாலார்க்கும் சமப் பரிசு வந்தது. விம்பிள்டனில் 2007-இல் வந்தது. அங்கே ஒரே நுழைவுச் சீட்டில் மக்கள் இருவர் ஆட்டத்தையும் பார்க்கிறார்கள். வருமானத்தைப் பிரித்துக் காட்ட இயலாது. ஆகவே சமமாகப் பகிர்வதும் எளிதாயிற்று. கிரிக்கெட்டில் இரண்டும் வெவ்வேறு போட்டி, வெவ்வேறு சீட்டு, வெவ்வேறு ஒப்பந்தம். அதனால்தான் இங்கே பாதை நீளமாக இருக்கிறது.

இதுவரை உச்சியிலிருப்பவர்களைப் பற்றியே பேசினோம். 2023-இல் ஐந்து அணிகளும் எடுத்த வீராங்கனைகள் மொத்தம் 87 பேர். வெளிநாட்டவர் போக, இந்தியப் பெண்கள் அறுபதுக்கும் குறைவு. தமிழ்நாட்டிலிருந்து கீர்த்தனா பாலகிருஷ்ணன் 10 லட்சம் ரூபாய்க்கு மும்பை அணியில் இடம் பெற்றார். மதுரைப் பெண் கமலினியின் அடிப்படை விலையும் 10 லட்சமே; 2024 டிசம்பரில் நடந்த ஏலத்தில், பதினாறாம் வயதில், 1 கோடியே 60 லட்சத்துக்கு அவரையும் மும்பை அணி எடுத்தது. இச்செய்திகள் மகிழ்ச்சி தருவன. ஆனால் நாடெங்கும் ஆடும் ஆயிரக்கணக்கான பெண்களில் அறுபது பேரைப் பற்றிய செய்தி இது. மற்றவர்களின் கதி என்ன?

அவர்களுடைய வாழ்வு மாநில அணியின் ஆட்ட ஊதியத்தில் இருக்கிறது. 2025 நவம்பர் 2-ஆம் நாள், நவி மும்பையில், இந்திய மகளிர் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று உலகக் கோப்பையைப் பெற்றார்கள். வாரியம் 51 கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. பரிசு ஒருமுறை பெய்யும் மழை. ஊதியம் ஆண்டு முழுவதும் பாயும் வாய்க்கால். அவ்வெற்றிக்குப் பின் வந்த பெரிய நன்மை, அடுத்த மாதம் எடுக்கப்பட்ட முடிவே என்பது என் கருத்து. மாநில அணிகளில் ஆடும் பெண்களுக்கு நாளொன்றுக்கு 20,000 ரூபாயாக இருந்த ஊதியம் 50,000 ஆயிற்று. ஆடாமல் காத்திருக்கும் மாற்றாளர்களுக்கு 25,000. ஒரு பருவத்தில் பத்து நாள் ஆடும் பெண் முன்பு இரண்டு லட்சம் பெற்றிருப்பாள். இனி ஐந்து லட்சம் பெறுவாள். ஓராண்டு வாடகை, பயிற்சிச் செலவு, சத்துள்ள உணவு ஆகியவற்றுக்கு அது போதும். வேலையைத் தேடிக்கொண்டே இன்னும் ஈராண்டு ஆடிப்பார்ப்போம் என்று அவள் துணியலாம். இத்தகைய பெண்கள் பெருகினால்தான் மேலேயுள்ள ஆட்டம் சுவைபெறும். சுவையிருந்தால்தான் பார்ப்பவர் பெருகுவர். அதன் பின்னரே ஒளிபரப்பு விலை உயரும். அடித்தளத்துக்கு இடும் பணத்தைத் தருமம் என்று எண்ணக்கூடாது, அதுவே முதலீடு.

புனேயில் இதற்கு வாய்ப்புக் குறைவில்லை. 2025-இல் மகாராஷ்டிரக் கிரிக்கெட் சங்கம் மாநில அளவில் மகளிர் பிரிமியர் போட்டி ஒன்றை நான்கு அணிகளுடன் கஹுஞ்சேயிலேயே தொடங்கியது. மாநில அணிக்கும் தேசிய லீகுக்கும் இடையே ஒரு நடுப்படி கிடைத்திருக்கிறது.

இனிப் பெற்றோரின் கேள்விக்கு வருவோம். மகளை ஆடவிடலாமா? தாராளமாக விடலாம். ஆயினும் ஏலத் தொகையைக் கணக்கில் வைத்து விடவேண்டாம். ஏலம் கிடைத்தால் நன்று. கிடைக்காத பெண்களே மிகப் பலர். மாநில அணியின் ஆட்ட ஊதியத்தை அடுத்த இலக்காகக் கொள்ளலாம். அதோடு, ரயில்வே போன்ற நிறுவனங்களில் ஆட்டக்காரர்க்குக் கிடைக்கும் நிலையான வேலைக்கு வேண்டிய கல்வித் தகுதியை அவள் கைவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஏலமும் ஒளிபரப்பும் இல்லாத காலத்தில் சாந்தா ரங்கசாமியையும் எடுல்ஜியையும் காத்தது அந்த மாதச் சம்பளமே. 2028-இல் ஒளிபரப்புச் சந்தை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அவளையும் அது காக்கும்.

நம்மைப் போன்ற பார்வையாளர்க்கும் ஒரு கடமை உண்டு. ஒளிபரப்பு உரிமையின் விலையைத் தீர்மானிப்பது, முடிவில், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணிக்கையே. அடுத்த முறை கஹுஞ்சே மைதானத்தில் பெண்கள் ஆடும்போது, தேகு ரோட்டிலிருந்து குடும்பத்தோடு ஒரு மாலை சென்று வாருங்கள். சீட்டின் விலை சிறிது. அந்த இருக்கை நிரம்பியிருந்தது என்ற கணக்கு மட்டும் அடுத்த ஒப்பந்தம் எழுதுவோரின் மேசைக்குப் போய்ச் சேரும்.